பாட்டன் பேர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

குடும்ப வரலாறு தேட ஒரு நல்ல புத்தகம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கையில் கிடைப்பது சாதி வரலாறுதான். தடித்த அட்டை, உள்ளே சேர சோழ பாண்டியர், கடைசிப் பக்கங்களில் நன்கொடை கொடுத்தவர்களின் படங்கள். படித்து முடித்தால் முப்பாட்டன் ஏதோ ஒரு ராஜாவிடம் தளபதியாக இருந்ததாகத் தெரியவரும். முப்பாட்டனுடைய பேர் என்ன என்பது மட்டும் தெரியாது.

இந்த நூல்கள் பெருகிய காலத்தைப் பார்த்தாலே அவை எதற்காக எழுதப்பட்டன என்பது புரிந்துவிடும். பிரிட்டிஷ் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிகளைப் பட்டியல் போடத் தொடங்கியது. 1901 கணக்கெடுப்பு ஒரு படி மேலே போய், எந்தச் சாதி சமூக அந்தஸ்தில் மேலே, எது கீழே என்று வரிசைப்படுத்தவும் முயன்றது. உடனே மனுக்கள், சங்கங்கள், மாநாடுகள், அவற்றுக்கு ஆதாரமாக வம்சப் பெருமை பேசும் நூல்கள். எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலும் அந்தக் காலத்துச் சரக்குதான். சடங்குகள், பழக்கவழக்கங்கள் பற்றி அதில் நிறையத் தகவல் உண்டு. ஆனால் மனிதர்களின் மூக்கை அளந்து கணக்குப் போட்டவர் எழுதியது என்ற ஞாபகத்தோடு படிக்க வேண்டும்.

அதற்கும் நூறு வருஷம் முன்பு கும்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டிய சுவடிகளில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் இருக்கின்றன. சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அவற்றில் சிலவற்றை அச்சிட்டிருக்கிறது. படிக்கச் சுவையானவை. ஆனால் கும்பெனி தங்கள் பாளையத்தைப் பிடுங்கிவிடக் கூடாது என்ற கவலையில் இருந்தவர்கள் சொன்ன வரலாறு அது. நூறு தலைமுறைக்கு ஆண்டோம் என்றுதான் சொல்வார்கள்.

என் கட்சி இதுதான்: சாமானியக் குடும்பத்தின் வரலாறு, வரலாறு என்று பேர் போட்ட புத்தகங்களில் கிடைப்பது அபூர்வம். வரி வாங்க, நிலத்தைப் பிரிக்க, கூலியாளை எண்ண, செத்தவருக்குத் திதி கொடுக்க என்று வேறு ஏதோ காரியத்துக்காக எழுதின புத்தகங்களில்தான் அது கிடக்கிறது. அந்தக் காரியம் என்ன என்று தெரிந்துகொண்டால், அதில் யார் பேர் இருக்கும், யார் பேர் இருக்காது என்பதையும் முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம். பழைய மொய் நோட்டுகளை யாரும் மதிப்பதில்லை. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு கல்யாண மொய் நோட்டு என்பது அந்த நாளில் அந்தக் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த அத்தனை பேரின் பட்டியல். ஊர்ப் பேர், ஆள் பேர், தொகை. தாய்மாமன் மொய்யை முதலில் எழுதும் வழக்கம் உள்ள பகுதிகளில், முதல் வரியைப் பார்த்தாலே மணப்பெண்ணின் தாய் எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று தெரிந்துவிடும். நிலப் பத்திரங்களில் தேடினால் இந்தத் தகவல் லேசில் கிடைக்காது.

குலதெய்வக் கோயிலின் வரி நோட்டு இன்னொன்று. கொடைக்கோ திருப்பணிக்கோ தலைக்கட்டு வரி போடும்போது, பங்காளி வகையறா முழுவதையும் குடும்பம் குடும்பமாக எழுதுவார்கள். நான்கு தலைமுறைக்கு முன்பே ஊரை விட்டுப் போனவர்களின் வாரிசுகள்கூட வரியைக் கட்டித் தங்கள் பேரை அதில் தக்கவைத்திருப்பார்கள். சொந்த ஊர் எது என்றே தெரியாத குடும்பத்துக்குக் குலதெய்வம்தான் முதல் துப்பு. ஆனால் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். விதவைகள், கல்யாணமாகிப் போன பெண்கள், வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் ஒதுக்கப்பட்டவர்கள் அந்த நோட்டில் வருவது அரிது. நகரத்தார்கள் இதையே இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்த குடும்பத்தில் கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரும். அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறும். வட்டிக்கடை வைத்தவர்களுக்குக் கணக்கு எழுதுவதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்!

அப்புறம் ஜாதகம். இது கையில் இருந்தும் பலர் கைவிடுகிற ஆவணம். காரணம், அதில் ஆங்கில வருஷம் இருக்காது. "பிங்கள வருஷம் ஆவணி மாதம்" என்று இருந்தால் அது 1857 ஆகவும் இருக்கலாம், 1917 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுழற்சியின் தொல்லை இது. ஆனால் ஜாதகத்தில் தேதியோடு கிழமையும் திதியும் நட்சத்திரமும் சேர்ந்தே இருக்கும். இவை எல்லாம் இரண்டு பிங்கள வருஷங்களிலும் ஒரே தேதியில் ஒத்து வருவது அரிது. ஆக, சரிபார்க்க ஒரு நம்பகமான அட்டவணை இருந்தால் போதும்.

அந்த அட்டவணையைப் போட்டுக் கொடுத்தவர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1911-இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான தினசரி அட்டவணைகளைப் பல தொகுதிகளாகவும் வெளியிட்டார். கல்வெட்டு அறிஞர்கள் இன்றும் சோழர் கல்வெட்டின் தேதியைக் கணிக்க அவரிடம்தான் போகிறார்கள். பஞ்சாங்கத்தை இவ்வளவு கரைத்துக் குடித்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர், பின்னாளில் சென்னைச் சட்டசபையின் தலைவராகவும் இருந்தவர் என்பது கூடுதல் சுவாரஸ்யம். இன்றைக்கு இந்தக் கணக்கைச் செய்யக் கணினி நிரல்கள் வந்துவிட்டன. எதை வைத்துச் செய்தாலும் சரி, திதியும் கிழமையும் ஒத்துவராத தேதியை ஏற்கக் கூடாது.

ஜாதகம்கூட இல்லாத வீடுகளில் பெரியவர்கள் நிகழ்ச்சியை வைத்து வயசு சொல்வார்கள். "எம்டன் குண்டு போட்டப்போ நான் கைக்குழந்தை" என்றால் 1914 செப்டம்பர். "தனுஷ்கோடி அழிஞ்ச வருஷம்" என்றால் 1964 டிசம்பர். இவற்றைச் சந்தேகப்படத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட பிறந்த தேதியைவிட இவை நம்பகமானவை. அந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்கு ஜூன் மாதம் பிறந்தநாள் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பத்திரங்களுக்கு வருவோம். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கையில் இருந்தால் மூன்று தலைமுறை கிடைத்த மாதிரி. சொத்தைச் சம்பாதித்த தாத்தா, அவர் பிள்ளைகள், இறந்துபோன பிள்ளைக்குப் பதிலாக நிற்கும் பேரன்கள் என்று எல்லாரும் அதில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று வரிசையாக நிற்பார்கள். சொத்து சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா) பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா) என்று எழுதியிருப்பதை வைத்தே குடும்பம் எந்தத் தலைமுறையில் தலையெடுத்தது என்று சொல்லிவிடலாம். பலர் கவனிக்காமல் விடுவது செக்குபந்தி. நிலத்தின் நான்கு எல்லைகளிலும் யார் நிலம் இருக்கிறது என்று எழுதுகிற பகுதி அது. ஒரே நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்திருக்கும் என்பதால், கிழக்கே புஞ்சை வைத்திருப்பவர் பல நேரம் தாத்தாவின் சித்தப்பா மகனாகவே இருப்பார். கையில் பத்திரம் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்று அதற்கு வழிகாட்டும். அதற்கும் முந்திய காலத்துக்கு வருவாய்த்துறையின் செட்டில்மெண்ட் பதிவேடுகள் உண்டு. 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தபோது, அந்த வீடுகளில் தங்கிப்போன கணக்குப் புத்தகங்கள் எத்தனையோ. இப்போதும் சில ஊர்களில் பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரனிடம் கேட்டால் கிடைக்கும்.

இந்தத் தேடலில் எல்லாரும் மாட்டிக்கொள்கிற ஒரு பொறி பேரிலேயே இருக்கிறது. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது நம் வழக்கம். அதனால் "முத்தையா மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்தையா" என்று இரண்டே பேர் நூறு வருஷத்துக்கு மாறி மாறி வரும். 1890-இல் நிலம் வாங்கிய முத்தையாவும் 1935-இல் விற்ற முத்தையாவும் ஒரே ஆள் என்று நினைத்து ஒரு தலைமுறையையே விழுங்கிவிடுவோம். தகப்பன் பேரையும் சர்வே நம்பரையும் சேர்த்துப் பார்க்காமல் யாரையும் யாரோடும் ஒட்ட வைக்கக் கூடாது. தலைப்பெழுத்தும் அப்படியே. முதல் எழுத்து சில வீடுகளில் ஊர், சில வீடுகளில் தகப்பன், இன்னும் சில வீடுகளில் குடும்பப் பட்டம்.

நிலமே இல்லாதவர்களுக்கு? பண்ணையில் வேலை செய்தவர்களின் பேரை நிலக்கணக்கு எழுதவில்லை. 1892 அரசாணைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பதிவுகளில்தான் பல குடும்பங்களின் பேர் வரத் தொடங்குகிறது. அந்த நிலங்களும் பிறகு கைமாறிப் போன கதை எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்தவர்களாக மாறிய குடும்பங்களுக்குத் திருச்சபைப் பதிவேடுகள் உதவும். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் வருஷத்துப் பதிவேட்டில், அந்தச் சபையின் முன்னோடியான கிளாரிந்தா என்ற பெண்ணின் பேரோடு சேர்த்து 40 பேர் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவில் புதுப் பேரோடு பழைய பேரையும் எழுதியிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம்.

ஆனால் ஏழைகளைப் பற்றி மிக விரிவாக எழுதப்பட்ட புத்தகங்கள் நம் ஊரில் இல்லை. அவை தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் மொரீஷியஸிலும் இருக்கின்றன. 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல், 342 பேரோடு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அங்க அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்ற விவரம். சிலருக்கு எப்போது திரும்பினார், எப்போது இறந்தார் என்ற குறிப்பும் உண்டு.

அதே 1860-களில் தஞ்சாவூரில் இருந்த ஒரு மிராசுதாரின் மனைவியைப் பற்றி இதில் பாதி விவரம்கூட எந்தப் பதிவிலும் கிடைக்காது. வட ஆர்க்காட்டிலிருந்து கப்பலேறிய ஒரு கூலிக்காரப் பெண்ணின் இடது கன்னத்துத் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கறையால் அல்ல. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காக. ஆளைக் கட்டிப்போட எழுதிய அந்தப் புத்தகம்தான் இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஊர் திரும்பும் வழியைக் காட்டுகிறது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. மொரீஷியஸில் இந்தப் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே போனவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர்; 1860-களிலிருந்து பலருடைய புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். நம் ஊரில் பணக்காரர்களுக்கே படம் எடுக்க வாய்ப்பில்லாத காலம் அது.

இவற்றைப் படிப்பதற்குக் காது வேண்டும். எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டவர்கள். ஒரே கிராமம் மூன்று விதமாக வரும். முதலியார் மூட்லி ஆகியிருப்பார், கவுண்டர் கோவெந்தர் ஆகியிருப்பார், அதுவே குடும்பப் பேராக நிலைத்தும் இருக்கும். பட்டியலை வாய்விட்டு உரக்கப் படித்தால் பாதி ஊர்கள் தெரிந்துவிடும். மாவட்ட எல்லைகள் மாறியதையும் மறக்கக் கூடாது; அன்றைய சேலம் ஜில்லாவில் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் ஊர்களும் அடக்கம். சாதிப் பத்தியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கப்பலேறும் முன் வேறு சாதி சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஊரை விட்டுப் போனதற்கே அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணி மூலம் போனவர்களின் கதை வேறு. ஒப்பந்தக் கப்பல் இல்லை என்பதால் அந்த மாதிரிப் பட்டியலும் இல்லை. இலங்கைக்குப் போனவர்களுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் அடித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள்கணக்குப் பதிவேட்டில் பேர் ஏறும். இவ்வளவுதான் காகிதம். இந்தக் காகிதக் குறை என்ன விலை கேட்டது என்பது 1948-இல் தெரிந்தது. அந்த வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் ஒருவருடைய தகப்பனும், சிலருக்குப் பாட்டனும், இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபிக்கச் சொன்னது. மூன்று தலைமுறையாக அங்கேயே கொழுந்து பறித்தவர்களிடம் பாட்டன் பிறந்த சான்றிதழ் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது. நீலகிரியிலும் வேறு இடங்களிலும் குடியேறிய அந்தக் குடும்பங்களில் இன்றும் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். வம்சாவளி தேடுவது அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே குடும்ப வரலாற்றை அச்சடித்தே கொடுக்கிறார்கள். ஒருவர் இறந்தால் 31-ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கிடைக்கும். நினைவு மலர் என்றும் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். திதி நிர்ணய வெண்பா ஒன்று இருக்கும். இறந்தவரின் தமிழ் வருஷம், மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கு அடியில் அடக்கிய வெண்பா. வருஷா வருஷம் திதி கொடுக்கப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுவது. கூடவே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பல மலர்களில் வம்சாவளி அட்டவணை. அட்டவணையில் பெண்களும் அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்களும் வருகின்றன என்பதுதான் இதன் பெரிய பலம். சீதன வழக்கமும் தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமும் பெண்வழிச் சொத்தை முக்கியமாக்கிய சமூகத்தில் இது ஆச்சரியமில்லை.

இந்த மலர்களை ஒரு காலத்தில் யாரும் நூலாகவே மதிக்கவில்லை. 'நூலகம்' என்ற பேரிலான எண்ணிம நூலகம் 2005-இல் தொடங்கியதிலிருந்து ஈழத்து நூல்களோடு இவற்றையும் மின்வருடி ஏற்றிவருகிறது. போரில் வீடும் பெட்டியும் தோம்பும் (பழைய நிலப் பதிவு) போனவர்களுக்கு, டொரன்டோவிலோ லண்டனிலோ உள்ள ஓர் உறவினர் வீட்டு அலமாரியில் தப்பிய ஒரு மலர்தான் சில நேரம் மிஞ்சிய ஒரே ஆதாரம். பொய் இருக்காதா என்றால் இருக்கும். செத்தவரைப் பற்றி நல்லதுதான் எழுதுவார்கள். குடும்பத்துக்குப் பிடிக்காத கல்யாணம் அட்டவணையில் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆனால் தேதியும் ஊரும் அனேகமாகச் சரியாக இருக்கும், ஏனென்றால் படிக்கப்போவது அந்த ஊர்க்காரர்களே.

பேர்களும் தேதிகளும் சேர்ந்தபின்தான் வழக்கமான புத்தகங்களுக்கு வேலை வருகிறது. காவிரிக் கரையில் பாட்டனார் எப்படி வாழ்ந்திருப்பார் என்று தெரியவேண்டுமானால் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படிக்கலாம். 1855-இல் உத்தமதானபுரத்தில் பிறந்தவர், ஆதரிப்பவர்களைத் தேடிக் குடும்பம் ஊர் ஊராக மாறிய கதையை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார். ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறியது, ஆனால் வேறொரு உலகத்தைக் காட்டுவது. கப்பல் பட்டியல் தேடுகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. அவரே பல வருஷம் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்.

மாவட்டக் கையேடுகள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியவை உண்டு. நெல்சனின் மதுரை 1868, லெ ஃபானுவின் சேலம் 1883, நிக்கல்சனின் கோயம்புத்தூர் 1887. இவற்றில் உங்கள் பாட்டன் பேர் வராது. ஆனால் அவர் ஏன் இடம் மாறினார் என்பதற்கு விடை பல நேரம் இங்கேதான் இருக்கும். குடும்பத்தின் தடம் 1870-களில் திடீரென்று அறுந்துபோவது தமிழ்நாட்டின் பல பகுதிகளில் சாதாரணம். நிலம் ஒரே வருஷத்தில் விற்கப்பட்டிருக்கும், அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் அடுத்த பதிவில் வருவார், அல்லது குடும்பமே வேறு தாலுகாவில் தலைகாட்டும். 1876–78 தாது வருஷப் பஞ்சம் அது. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் நடுவில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. இலங்கைக்கு நடந்தே கிளம்பிய கூட்டமும் அந்த வருஷங்களில்தான் பெருகியது. ஆகவே பத்திரத்தில் 1877 என்று ஒரு விற்பனை இருந்தால், விலையையும் கொஞ்சம் பாருங்கள். வழக்கமான விலையில் பாதிக்கும் கீழே போயிருந்தால், கையெழுத்துப் போட்டவர் அடுத்து எங்கே போனார் என்பதைக் கப்பல் பட்டியலிலும் தேடுவது நல்லது.